எண்பது சேர்மம், ஒரு தட்டு: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

மஞ்சள் நிறம்தான் எங்களைக் காப்பாற்றியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

உலர்பனிக்கு நடுவில் வந்த பெட்டியில் ஒரு 96 குழித் தட்டு. அதில் 80 குழிகளில் தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த 80 சேர்மங்கள், எல்லாமே டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த 10 மில்லிமோலார் கரைசல்கள். முதல் நெடுவரிசையிலும் கடைசி நெடுவரிசையிலும் வெறும் டிஎம்எஸ்ஓ, ஒப்பீட்டுக்காக. கூடவே பத்துச் சின்னக் குப்பிகள். தட்டில் எது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு அதை விரிவாகச் சோதித்துப் பார்க்க. விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரித் தட்டுகளைப் பலர் விற்கிறார்கள், நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி எந்தத் தட்டை வாங்கினாலும் வரக்கூடியதுதான்.

நான் செல் வளர்ப்புக்காரி. எதிர் பெஞ்சில் இருப்பவர் பாக்டீரியாக்காரர். ஒரே சேர்மம் பாக்டீரியாவை என்ன செய்கிறது, விலங்குச் செல்லை என்ன செய்கிறது, இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். பெட்டியின் மேலும் கிட்டத்தட்ட அதைத்தான் அச்சடித்திருந்தார்கள்.

சரி, மஞ்சள் கதை. தட்டோடு ஒரு வரைபடக் கோப்பு அனுப்புவார்கள், எந்தக் குழியில் எந்தச் சேர்மம் என்று. தட்டை உருக்கிவைத்துவிட்டு எங்கள் ஆய்வு மாணவி கோப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் தட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தவள், "அக்கா, பெர்பெரின் எப்படி வெள்ளையா இருக்கும்?" என்றாள். இருக்காது. பெர்பெரின் நல்ல மஞ்சள். குர்குமினும் மஞ்சள், சாங்குவினரின் ஆரஞ்சு. வரைபடத்தில் இந்த மூன்றும் இருக்க வேண்டிய இடத்தில் நிறமற்ற திரவம், நேர் எதிர் மூலைகளில் மஞ்சளும் ஆரஞ்சும். வரைபடத்தைத் தட்டின் வெட்டுமுனையைத் தப்பாகப் பிடித்து, 180 டிகிரி திருப்பி வரைந்திருக்கிறார்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வெறும் டிஎம்எஸ்ஓ என்பதால் எப்படித் திருப்பினாலும் தட்டு சரியாகத்தான் தெரியும். நிறமுள்ள சேர்மம் ஒன்றுகூட இல்லாத தட்டாக இருந்திருந்தால் மூன்று மாதமும் தலைகீழாகவே முடிவெழுதியிருப்போம். நிறுவனத்துக்கு எழுதினோம். நான்கு நாளில் திருத்திய கோப்பு வந்தது. மன்னிப்பும் வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

தட்டைக் கையாளும் விஷயத்தில் ஒன்றே ஒன்று. டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். குளிரான அறையில் உருகியது போலத் தெரிந்தாலும் குழியின் அடியில் படிகம் நிற்கும், மேலிருந்து உறிஞ்சினால் அளவு தப்பும். போதாததற்கு அது காற்றின் ஈரத்தைக் குடிக்கிற திரவம். திறந்து மூடி, உறையவைத்து உருக்கி என்று நான்கைந்து முறை போனால் தண்ணீர் சேர்ந்து சில சேர்மங்கள் வெளியே படிய ஆரம்பிக்கும். வந்த அன்றே நான்கு மகள் தட்டுகளாக, அதாவது சிறு பங்கு நகல்களாகப் பிரித்து ஒட்டுப்படலம் போட்டு வைத்துவிடுங்கள். அறிவுறுத்தல் தாளில் இது கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கிறது.

இனி முதல் வார முடிவு. பாக்டீரியாக்காரர் வழக்கமான முறையில்தான் செய்தார்: முல்லர்-ஹின்டன் திரவம், மில்லிலிட்டருக்கு ஐந்து லட்சம் பாக்டீரியா, இரவு முழுக்க 35 டிகிரி. ஒரு பக்கம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மறுபக்கம் ஈ. கோலை. தட்டிலிருந்து நூறில் ஒரு பங்காக நீர்த்தால் குழிக்குள் 100 மைக்ரோமோலார் சேர்மம், 1 சதவீத டிஎம்எஸ்ஓ. மறுநாள் காலை தட்டைத் தூக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் குழியும் கலங்கல், அதாவது பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம் ஒரு சில குழிகள் தெளிவு. ஈ. கோலை பக்கம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தேட வேண்டியிருந்தது. "இவ்வளவுதானா தாவரம்?" என்றார் அவர், கொஞ்சம் திருப்தியோடு.

இங்கேதான் இந்தத் தட்டின் மேல் எனக்குள்ள பெரிய குறை. எல்லாச் சேர்மத்துக்கும் ஒரே மோலார் அளவு, அதாவது எடையில் அல்ல, மூலக்கூறு எண்ணிக்கையில் ஒரே அளவு என்பது காகிதத்தில் நியாயமாகத் தெரியும். கார்வக்ரால் என்ற நறுமண எண்ணெய்ச் சேர்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 150. நூறு மைக்ரோமோலார் என்றால் மில்லிலிட்டருக்கு வெறும் 15 மைக்ரோகிராம். கார்வக்ராலும் அதன் இரட்டைப் பிறவியான தைமாலும் பாக்டீரியாவை அடக்குவது சில நூறு மைக்ரோகிராம் கணக்கில். அவை ஒரு பூட்டுக்குள் போகிற சாவி மாதிரி வேலை செய்பவை அல்ல. செல் படலத்துக்குள் புகுந்து கூட்டமாக நெருக்கியடித்து, படலத்தைக் கசிய வைக்கின்றன. பொட்டாசியம் வெளியேறும், படலத்தின் இருபுறமும் உள்ள புரோட்டான் அழுத்தம் சரியும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி தீரும். இதற்குக் கூட்டம் வேண்டும். பதினைந்து மைக்ரோகிராமில் கூட்டம் சேராது. ஆக, இந்தத் தட்டில் கார்வக்ரால் "செயலற்றது" என்று வருவது சேர்மத்தைப் பற்றிய தகவலே இல்லை, தட்டை நிரப்பிய விதத்தைப் பற்றிய தகவல்.

நல்லவேளையாகக் குப்பிகளில் கார்வக்ரால் இருந்தது. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் தொடங்கிப் பாதி பாதியாக இறக்கினோம். மறுநாள் காலை அடுத்த கூத்து: மருந்தே போடாத ஒப்பீட்டுக் குழிகளில் சில தெளிவாக நின்றன. எல்லாம் உயர்ந்த செறிவுக் குழிகளுக்குப் பக்கத்துக் குழிகள். கார்வக்ரால் ஆவியாகிற சரக்கு. பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஆவி பரவிப் பக்கத்து வீட்டையும் அழித்துவிட்டது. அடுத்த முறை இடையில் வெற்றுக் குழிகள் விட்டு, மூடிக்குப் பதில் ஒட்டுப்படலம் போட்டுச் செய்தோம், சரியானது. திரவத்தில் 0.15 சதவீத அகார் கலந்தால் எண்ணெய்த் துளிகள் மேலே மிதந்து ஒதுங்காமல் பரவி நிற்கும் என்பதும் தெரிந்த வித்தை, அதையும் செய்தோம். ஆனால் தட்டிலேயே தைமாலுக்கு ஒட்டினாற்போல் மூன்று நறுமணச் சேர்மங்களை அடுக்கிவைத்தவருக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

அதே குப்பியை என் செல்களுக்கும் போட்டேன். எலி நார்ச்செல்கள். பாக்டீரியாக்காரர் தேடிய அளவை நான் எட்டுவதற்கு முன்பே செல்கள் உருண்டு திரண்டு மிதந்தன. படலத்தைக் குலைக்கிறது என்றால் எந்தப் படலம் என்று அது கேட்பதில்லை. தாவரச் சேர்மம் பாக்டீரியாவைக் கொன்றது என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவில் என்பது. இரண்டாவது, அந்த அளவில் பக்கத்திலிருந்த விலங்குச் செல் என்ன ஆனது என்பது. ரியோஸ், ரெசியோ இருவரும் 2005இல் எழுதிய கட்டுரையில் தூய சேர்மத்துக்கு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் சுவாரசியம், 100க்கு மேல் போனால் பேசவே வேண்டாம் என்ற தொனியில் ஒரு கோடு போட்டார்கள். கடுமையான கோடுதான். ஆனால் அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தால் எங்கள் தட்டில் பேச மிச்சமிருப்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

அந்தக் கோட்டுக்குள் அடங்காவிட்டாலும் எனக்குப் பிடித்தது பெர்பெரின். தனியாகப் போட்டால் ஸ்டஃபைலோகாக்கஸ் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. காரணம் நார்ஏ என்ற பம்பு. நேர்மின் ஏற்றமுள்ள பெர்பெரின் உள்ளே வர வர, பாக்டீரியா அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் முதலானோர் ஒரு விஷயம் காட்டினார்கள். பெர்பெரின் தயாரிக்கும் பெர்பெரிஸ் செடிகளே இன்னொரு சேர்மத்தையும் தயாரிக்கின்றன, பெயர் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின். அது தனியாக எந்தப் பாக்டீரியாவையும் ஒன்றும் செய்யாது. ஆனால் நார்ஏ பம்பை அடைத்துவிடும். பம்பு அடைந்ததும் பெர்பெரின் உள்ளேயே தேங்கி வேலையைக் காட்டும். ஒருவன் கதவைப் பிடித்துக்கொள்ள இன்னொருவன் அடிக்கிற கூட்டுக் களவாணித்தனம். இப்போது யோசித்துப் பாருங்கள், இந்தச் செடியைப் பிரித்து ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனிக் குழியில் போட்டால் என்ன ஆகும்? ஒரு குழியில் "பலவீனமானது", இன்னொரு குழியில் "செயலற்றது". இரண்டையும் குப்பையில் போட்டுவிடுவோம்.

இந்தத் தட்டில் 5'-மெத்தாக்சிஹைட்னோகார்பின் கிடையாது. பம்பை அடைக்கும் வேறொரு தாவரச் சேர்மமான ரெசர்பின் இருந்தது, அதுவும் பெர்பெரினுக்குக் குறுக்கு மூலையில். இரண்டையும் ஒரே குழியில் சேர்த்தோம். கலங்கல் போய்க் குழி தெளிந்தது. பாக்டீரியாக்காரர் முகத்தில் திருப்தி குறைந்து ஆர்வம் வந்தது அன்றைக்குத்தான். ஈ. கோலைக்கும் அவர் உறைபெட்டியிலிருந்து டால்சி என்ற வெளித்தள்ளும் குழாய் இல்லாத ஒரு திரிபை எடுத்து வந்தார். முதல் வாரம் அசையாமலிருந்த பல சேர்மங்கள் அதில் அசைத்துக் காட்டின. ஈ. கோலைக்கு வெளிப்படலம் ஒரு வேலி, பம்பு ஒரு காவலாளி. தாவரச் சேர்மங்கள் அங்கே தோற்பது பெரும்பாலும் வாசலில்தான்.

ரெசர்பினை அப்படியே மருந்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று மாணவி கேட்டாள். முடியாது. அது நம் நரம்புச் செல்களில் டோபமின், செரட்டோனின் போன்றவற்றைப் பைகளில் அடைக்கும் கடத்தியையும் தடுக்கும். பாக்டீரியாப் பம்பை அடைக்கத் தேவையான அளவு உடம்பில் தாங்கக்கூடிய அளவைவிட மிக அதிகம். ஆய்வகத் தட்டில் கருவியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பெர்பெரின் என் பக்கத்திலும் ஒரு வித்தை காட்டியது. சாதாரணமாக நாங்கள் பயன்படுத்தும், லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் உள்ள வளர்ப்புத் திரவத்தில் செல்கள் சாதுவாக இருந்தன. பாதுகாப்பானது என்று எழுதப் போனேன். கை வரவில்லை. பெர்பெரின் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே எதிர்மின் பக்கம் இழுக்கப்பட்டுச் சேர்ந்து, அங்கே ஆற்றல் உண்டாக்கும் தொடரின் முதலாம் கூட்டுப்புரதத்தைத் தடுக்கிறது என்பது தெரிந்ததுதான். குளுக்கோஸ் கொட்டிக் கிடக்கும்போது செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பி இருப்பதில்லை, சர்க்கரையை உடைத்தே ஓட்டிவிடும். குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் போட்டேன், அதில் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பித்தான் ஆக வேண்டும். அதே அளவு பெர்பெரினில் செல்கள் இரண்டு நாளில் பாதிக்கும் கீழே போயின. தட்டோடு வந்த தாளில் பெர்பெரினுக்கு நேராக "செல் நச்சு: குறைவு" என்று இருக்கிறது. எந்தத் திரவத்தில் என்று இல்லை.

தாளைப் பற்றி இன்னொன்று. உவாபெயினுக்கும் "குறைவு" என்றே போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்பு முனையில் தடவப்பட்ட நஞ்சு அது. சோடியம்-பொட்டாசியம் பம்பை நிறுத்துகிற சரக்கு. அடிக்குறிப்பைப் பார்த்தால் எலிச் செல்களில் சோதித்திருக்கிறார்கள். எலி, சுண்டெலி இனங்களின் அந்தப் பம்பு மனிதருடையதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு உவாபெயினைத் தாங்கும். என் எலி நார்ச்செல்களில் 10 மைக்ரோமோலாரில் ஒரு மாற்றமும் இல்லை. அதே தட்டில் பக்கத்தில் வைத்த மனிதச் செல்களில் மறுநாள் உயிரோடு இருந்தவற்றைத் தேட வேண்டியிருந்தது. விலங்குச் செல் என்றால் எந்த விலங்கு என்று போடாத தாளை நம்பி யாராவது மேற்கொண்டு போனால் என்ன ஆவது? இதையும் எழுதினேன். இதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்டிடி சாயத்தைத்தான் எல்லோரும் போல நானும் பயன்படுத்துவேன். உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், ஊதா எவ்வளவோ அவ்வளவு உயிர். குவர்செட்டின் குழியில் செல்கள் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்திருக்க, ஊதா மட்டும் அமோகமாக இருந்தது. செல்லே போடாத குழியில் குவர்செட்டினையும் சாயத்தையும் மட்டும் கலந்தேன். அங்கும் ஊதா. சேர்மமே சாயத்தை நேரடியாக ஒடுக்கி ஊதாவாக்கிவிடுகிறது. ஆக, செத்த செல்லை உயிரோடு காட்டும். இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. குவர்செட்டின், பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி மாதிரி பாலிஃபினால்கள் வளர்ப்புத் திரவத்தில் விழுந்ததும் தாமாகவே ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல் சாவது பெராக்சைடால், பழி சேர்மத்தின் மேல். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பார்த்தேன், ஈஜிசிஜி குழியில் செல்கள் பிழைத்துக்கொண்டன. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று உலகம் கொண்டாடும் சரக்கு என் இன்குபேட்டரில் ஆக்சிஜனேற்றியாக வேலை பார்த்தது.

குர்குமினைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, 2017இல் வேதியியலாளர்கள் சிலர் நீண்ட மதிப்பீடு எழுதி அதன் எல்லாச் சோதனைப் பித்தலாட்டங்களையும் அடுக்கிவிட்டார்கள். சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) இல்லாத நடுநிலைத் திரவத்தில் 37 டிகிரியில் அரை மணிக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். நிறம் அளவீட்டைக் கெடுக்கும், ஒளிர்வும் கெடுக்கும். பாக்டீரியாக் குழியில் அது படிந்து கலங்கலாகி, வளர்ச்சி என்று கருவியில் பதிவானது. குப்பி மேல் "98 சதவீதம்" என்று பெரிதாக, கீழே "மொத்தக் குர்குமினாய்டுகள்" என்று சிறிதாக. வழக்கமாக வணிகச் சரக்கில் குர்குமின் 77 சதவீதம் அளவில்தான் இருக்கும், மிச்சம் அதன் இரண்டு உறவினர்கள். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டின் மற்ற 79 குழிகளும் ஒற்றைச் சேர்மம் என்ற நம்பிக்கையில் வாங்குபவருக்கு இது தெரிய வேண்டும்.

தட்டில் மனதாரப் பாராட்ட வேண்டிய குழியும் இருக்கிறது. டிஜிடோனின். சப்போனின் வகை. கொலஸ்ட்ரால் உள்ள படலத்தைக் கவ்விப்பிடித்து ஓட்டையாக்கும். விலங்குச் செல் படலத்தில் கொலஸ்ட்ரால் உண்டு, எங்கள் இரண்டு பாக்டீரியாக்களின் படலத்திலும் இல்லை. செம்மறியாட்டு ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு துளி விட்டதும் கலங்கலாக இருந்த குழி நொடியில் தெளிந்த சிவப்பானது. பாக்டீரியாப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. புதிதாக வருகிற மாணவர்களுக்கு இரண்டு குழிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம். வின்பிளாஸ்டின், பாக்லிடாக்சல் குழிகளும் அப்படித்தான்: செல்லின் நுண்குழல்களைப் பிடித்துப் பிரிவை நிறுத்தும், பாக்டீரியா கண்டுகொள்ளவே கொள்ளாது.

கடைசியாக, தேர்வுக் குறியீடு என்று ஒரு எண்ணை அவர்களே கணக்கிட்டுத் தாளில் தருகிறார்கள். செல்லைப் பாதி கொல்லும் அளவைப் பாக்டீரியாவை அடக்கும் அளவால் வகுத்தது. நல்ல எண்தான், ஆனால் என் செல்கள் 10 சதவீதச் சீரத்தில் நீந்துகின்றன, பாக்டீரியாக்காரரின் பாக்டீரியாவுக்குச் சீரமே கிடையாது. சீரத்தின் ஆல்புமின் கார்வக்ரால் போன்றவற்றைக் கவ்வி வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் சேர்மத்தைக் கட்டிப்போட்டு, மறுபக்கம் அவிழ்த்துவிட்டு, இரண்டையும் வகுத்தால் வருவது என்ன எண்? பாக்டீரியாவையும் என் செல் திரவத்திலேயே வளர்க்கச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுச் செய்தார். தாளில் அழகாக இருந்த குறியீடுகளில் பாதி 1 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன, அதாவது பாக்டீரியாவை அடக்கும் அளவே செல்லையும் கொல்லும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். சேர்மங்கள் தரமானவைதான், நிறை நிறமாலையில் நாங்கள் பார்த்த பன்னிரண்டில் பன்னிரண்டும் பெயருக்கேற்ற எடையில் இருந்தன. ஆனால் ஒரு வாரத்தில் முடிவு வேண்டும் என்பவர்கள், கேட்டலேஸும் கேலக்டோஸும் மனிதச் செல்லும் கையில் இல்லாதவர்கள், பொறுங்கள். ஆவியாகும் சேர்மங்களை முதல் நாளே தனித் தட்டுக்கு மாற்றுங்கள். தாளில் உள்ள செல் நச்சு நெடுவரிசையை மடித்து மறைத்துவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் ஒட்டிவைத்திருக்கிறோம்.

இரண்டாவது தட்டு கேட்டிருக்கிறோம். ஒரே ஒரு மூலையிலாவது ஒப்பீட்டுக் குழிக்குப் பதில் நிறமுள்ள எதையாவது போட்டு அனுப்புங்கள் என்று மாணவி கோரிக்கையில் எழுதியிருக்கிறாள்.